சித்திரம் சான்றாதல்

கலைவிழாக்களில் நாடகம், நடனம், இசை என்பவற்றோடு இயங்கு சித்திரப் படங்களுக்கும் ஒரு மாலைப்பொழுது ஒதுக்கப்பெறுதல் இக்காலத்து வழக்காயிற்று. அவையோருட் சிலர் அவற்றைச் சிறுவர் விளையாட்டெனக் கருதி எழுந்து சென்றுவிடுவர். அக்கருத்துப் பொருந்துமா என்பது ஆராய்தற்குரியது.

திரையில் விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. படத்துக்கொரு சித்திரம் வரைவதாயின் நிமிடத்துக்கு 1,440 சித்திரங்கள் வேண்டும். ஒன்றையே இருமுறை படம்பிடித்துச் சுமையைப் பாதியாக்குவாரும் உளர். அடுத்தடுத்த சித்திரங்களுக்கிடையேயுள்ள சிறு வேறுபாட்டையே கண் அசைவெனக் கொள்கின்றது. வரைதல் ஒன்றுதான் வழியென்பதுமில்லை. ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் அம்மையார் கருந்தாளில் உருவங்களை வெட்டி, கீழிருந்து ஒளிபாய்ச்சி, 1926இல் 'இளவரசர் அக்மத்' கதையைப் படமாக்கினார். தோற்பாவைக் கூத்தைக் கண்டவர்க்கு அந்நிழலாட்டம் புதிதன்று. இந்தியத் திரைப்படப் பிரிவு 1957இல் வெளியிட்ட 'ஆலமரத்து மான்', புத்த ஜாதகக் கதையொன்றைத் தழுவியது.

இவையெல்லாம் கற்பனைக் கதைகளே. எனினும் இக்கலைக்கு வேறொரு வன்மையும் உண்டு. 1915 மே 7ஆம் நாள் 'லூசித்தானியா' என்னும் பயணக்கப்பல் ஜெர்மானிய நீர்மூழ்கியால் தாக்குண்டு அமிழ்ந்தது. ஏறத்தாழ 1,200 பேர் மாண்டனர். அவ்வழிவை எந்தப் படக்கருவியும் பதியவில்லை. அமெரிக்கச் சித்திரக்காரர் வின்சர் மக்கே, ஆயிரக்கணக்கான சித்திரங்கள் வரைந்து, 1918இல் அதனைத் திரையில் நிகழ்வித்தார். அப்படத்திற் போர்ப் பிரசாரமும் கலந்துளது என்பது மறுத்தற்கில்லை. ஆயினும், படம்பிடிப்பார் இல்லாதவிடத்துச் சித்திரமே சான்றாக நிற்கலாம் என்பது அன்று புலனாயிற்று.

இது நமக்கு அயலார் செய்தி மாத்திரமன்று. திருகோணமலை மாவட்டத்தின் தென்னெல்லையில், மகாவலியின் கிளையாறு கடலை நாடும் வெருகலிலே சித்திரவேலாயுதர் கோயில் கொண்டுள்ளார். இறைவன் திருப்பெயரிலேயே சித்திரம் அமைந்தமை நினைத்தற்கினியது. அவ்வூரும் அயலிலுள்ள ஈச்சிலம்பற்றும் 2006இன் போரில் வெறிச்சோடின. மக்கள் வாகரைப் பக்கம் பெயர்ந்தனர். ஓடுகின்றவன் கையிற் குழந்தையும் மூட்டையும் இருக்கும், படக்கருவி இராது. கைவிட்டுச் சென்ற வீட்டு முற்றமும் நடந்த வழியும் அவர்தம் நினைவிலேயே பெரிதும் தங்கியுள்ளன. நினைவைப் படம்பிடிக்க இயலாது, வரைய இயலும்.

ஈரானிற் பிறந்த மர்ஜான் சத்ராபி தம் இளமைக்காலத்தை 'பெர்செபோலிஸ்' என்னும் சித்திரப் படமாக, வின்சன் பரனோவுடன் இணைந்து, 2007இல் அளித்தார். மறு ஆண்டு இசுரவேலைச் சேர்ந்த அரி போல்மன், தாம் படைவீரராகச் சென்ற 1982ஆம் ஆண்டு லெபனான் போரில் தம் நினைவினின்றும் மறைந்தவற்றைத் தேடிச் சித்திரப் படமெடுத்தார். தோழர்களின் கனவுகளும் தடுமாற்றங்களும் அதில் வண்ணங்கொண்டு இயங்குகின்றன. ஆனால் பெய்ரூத் அகதி முகாம்களின் படுகொலையை அடைந்தவுடன் படம் சித்திரத்தைக் கைவிட்டு, அக்காலத்து மெய்யான செய்திப்படத்துக்கு மாறிவிடுகின்றது. சித்திரம் அவ்விடத்துப் போதாதென்று அவர் எண்ணினார் போலும். வெருகலின் கதையை வரைய முற்படும் மாணவனுக்கோ, மாறிச்செல்வதற்குத் தன்னூரின் செய்திப்படம் கிட்டுதல் அரிது.