அடியிலிருந்து மேலே: ஒரு கிளாஸ் பலூடா

கச்சான் காற்று வீசும் மாதங்களில் கல்முனைப் பக்கம் பகலில் வீதியில் இறங்கவே மனம் வராது. அஸர் தொழுகை முடிந்து வெயில் தணிந்த பிறகுதான் ஊர் வெளியே வரும். மருதமுனையில் தொடங்கி சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று பிரதான வீதியோரம் இருக்கும் கூல் ஸ்பொட்டுகளுக்கு அதுதான் வியாபார நேரம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஆளுக்கொரு பலூடா சொல்கிறோம். அந்தக் கிளாஸுக்குள் என்ன இருக்கிறது, ஏன் அந்த வரிசையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் நல்ல கடையை நாமே இனங்காணலாம்.

சர்பத்தும் சிரப்பும் ஒரே வேர்

அரபியில் ‘ஷரிப’ என்றால் குடித்தான். அந்த வேரிலிருந்து வந்ததுதான் சர்பத். ஆங்கிலேயரின் ‘சிரப்’பும் அதே வேரில் முளைத்தது. ஆகவே போத்தலில் இருக்கும் ரோஸ் சிரப்பும் நோன்பு திறக்கக் கலக்கும் சர்பத்தும் ஒரே குடும்பம். பலூடா பாரசீகத்திலிருந்து வந்தது. அங்கே மாப்பொருளில் பிழிந்த மெல்லிய நூலை உறையவைத்த சீனிப்பாகோடு சாப்பிடுவார்கள். முகலாயர் காலத்தில் அது இந்தியாவுக்கு வந்தது, அதில் பாலும் சேர்ந்தது. நம் கடைகளில் அந்த நூலின் இடத்தில் சிலர் சேமியா போடுகிறார்கள், சிலர் போடுவதில்லை.

கிளாஸுக்குள் என்ன

அடியில் இருப்பது ரோஸ் சிரப். சீனிப்பாகு பாலைவிடக் கனமானது, அதனால் அடியில் தங்கும். பாலை மெல்ல, கரண்டியின் முதுகில் வழியவிட்டு ஊற்றினால் சிவப்பும் வெள்ளையும் தனித்தனியாக நிற்கும். அவசரமாக ஊற்றினால் முழுக் கிளாஸும் இளஞ்சிவப்பாகிவிடும். உருசி கெடாது, அழகுதான் போகும்.

அடுத்தது கசகசா. நாங்கள் கசகசா என்பது ஒருவகைத் துளசி விதை. தமிழ்நாட்டில் அதைச் சப்ஜா என்பார்கள். அங்கே கசகசா என்று கேட்டால் குருமாவுக்கு அரைக்கும் வெள்ளை விதையைத் தருவார்கள், அது ஊறினாலும் வீங்காது. நம் கசகசா தண்ணீரில் போட்டு 10–15 நிமிடத்தில் தன்னைச் சுற்றி வழவழப்பான உறை கட்டிக்கொள்ளும். நடுவில் கறுப்புப் புள்ளி, சுற்றிலும் கண்ணாடிபோல ஒரு வளையம் தெரிந்தால் நன்றாக ஊறியிருக்கிறது. பல்லில் நறநறவென்று கடிபட்டால் கடைக்காரர் அவசரப்பட்டிருக்கிறார்.

மூன்றாவது ஜெலி. நம் வீடுகளில் காய்ச்சும் கடல்பாசிதான் இதற்கு மிகப் பொருத்தம். கடல்பாசி சுமார் 85 பாகை செல்சியஸில்தான் உருகும். ஆறும்போது 40 பாகைக்குக் கீழே இறுகிவிடும். அதனால் எங்கள் ஊர்ச் சூட்டில் மேசையில் வைத்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும். ஜெலட்டின் அப்படியல்ல, 35 பாகைக்குள்ளேயே இளகி ஓடும். ஜெலட்டின் மிருகத் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கப்படுவது, ஆகவே அது ஹலாலா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். கடலில் முளைக்கும் பாசிக்கு அந்தக் கேள்வியே இல்லை.

மேலே குளிர்ந்த பால், அதற்கும் மேலே ஐஸ்க்றீம். குளிர் கூடக்கூட நாக்குக்கு இனிப்புத் தெரிவது குறையும். அதனால்தான் குளிர்பானங்களில் சீனி இவ்வளவு போகிறது. வீட்டில் நீரிழிவு உள்ளவர் இருந்தால் இதை மனதில் வையுங்கள். “காக்கா, சீனியக் குறைச்சிப் போடுங்க” என்று கேட்பதில் வெட்கமில்லை.

எதை எதோடு கேட்பது

பாலோடு தேசிக்காய் சேராது, திரைந்துவிடும். தேசிக்காய்ச் சர்பத் வேண்டுமென்றால் தண்ணீரில் கேளுங்கள், ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் இனிப்பும் புளிப்பும் இன்னும் எடுப்பாக இருக்கும். பச்சை அன்னாசியைப் பாலில் அடித்தால் உடனே குடித்துவிட வேண்டும். அன்னாசியில் உள்ள நொதியம் பாற்புரதத்தை உடைக்கும், வைத்திருந்தால் கசக்கும். விளாம்பழமும் வத்தகப்பழமும் பால் இல்லாமலே நன்றாக இருக்கும். வெறும் தாகம் தீர வேண்டும் என்றால் செவ்விளநீரை வெல்ல எதுவும் இல்லை.

ஐஸையும் கவனியுங்கள். இது மீன்பிடிக் கரை, மீன் அடுக்க உடைக்கும் பாளம் ஐஸ் எங்கும் கிடைக்கும். அது குடிக்கும் கிளாஸுக்கு உரியதல்ல. குடிதண்ணீரில் செய்த ஐஸா என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல முதலாளி முகம் சுளிக்கமாட்டார்.

உல்லையில் ஒரு கிளாஸ்

இதே மாவட்டத்தின் தெற்கே, பொத்துவில் உல்லையில், அலைச்சறுக்க வரும் வெளிநாட்டார் ஓலைக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து பழக் கலவைகள் குடிக்கிறார்கள். அந்தக் கோலத்தைப் பார்த்தால் அமெரிக்க டிக்கி பார் நினைவுக்கு வரும். 1930களில் ஹொலிவூட்டில் டொன் பீச் என்பவர் மூங்கிலும் தென்கடல் தீவு அலங்காரமுமாகத் தொடங்கியது அது. அதன் பேர்போன பானமான ‘மை தை’யை 1944இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் விக்டர் பெர்ஜெரொன் தாம் உண்டாக்கியதாகச் சொன்னார். அதிலுள்ள மதுவகைகளை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்: தேசிக்காய்ப் புளி, சீனிப்பாகு, பூ வாசனை சேர்த்த பாதாம் பாணி, உடைத்த ஐஸ், மேலே புதினா. பாதாம் பாணியும் பூநீரும் எங்கள் சர்பத்துக்கு எப்போதோ தெரிந்தவை.

வெப்ப நாட்டுப் பானத்தின் உயிர் புளிப்பும் இனிப்பும் வாசனையும் குளிரும் அளவாகச் சேர்வதில்தான் இருக்கிறது. அந்த அளவை அறிந்த கைகள் எங்கள் வீதியிலேயே இருக்கின்றன. அடுத்த முறை பலூடா வந்ததும் உடனே கலக்கிவிடாதீர்கள். நீண்ட கரண்டியை அடிவரை இறக்கி, சிரப், கசகசா, கடல்பாசி, பால் எல்லாம் ஒரே வாயில் வரும்படி அள்ளிச் சாப்பிட்டுப் பாருங்கள். மஃரிபுக்குப் பாங்கு சொல்வதற்குள் முடித்துவிடலாம்.