மருத்துவமனைக்குப் பின் வீட்டுப் பராமரிப்பு: ஏற்பாடு செய்யும் முறை

பக்கவாதம், இடுப்பெலும்பு முறிவு, பெரிய அறுவைச் சிகிச்சை ஆகியவற்றுக்குப் பின் டிஸ்சார்ஜ் ஆகும் நோயாளி முழுமையாகக் குணமடைந்து வீடு திரும்புவது அரிது. மருத்துவமனைப் படுக்கையில் இருந்தாக வேண்டிய கட்டம் முடிந்தது என்பதே டிஸ்சார்ஜின் பொருள். புண் ஆறுவதும், கை கால் பழைய நிலைக்கு வருவதும், மருந்தின் அளவு சரியாக அமைவதும் அதன் பிறகு வாரக்கணக்கில் நடப்பவை. மருத்துவமனையில் முறை மாற்றி முறை பலர் செய்த வேலை, வீட்டில் பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள் என ஒருவர் தோளில் விழுகிறது. பயிற்சி பெற்ற ஒருவரின் உதவியை உரிய நேரத்தில் அமர்த்திக்கொண்டால் நோயாளி பாதுகாப்பாகத் தேறுவார். குடும்பமும் தளர்ந்து போகாது.

டிஸ்சார்ஜுக்கு முன்பே தொடங்க வேண்டியது

வீட்டுப் பராமரிப்புக்கான ஏற்பாடு, டிஸ்சார்ஜ் தேதி தெரிந்த அன்றே தொடங்க வேண்டும். நோயாளி வீடு வந்து சேர்ந்த பிறகு ஆள் தேடினால் முதல் இரண்டு மூன்று நாட்கள் கவனிப்பின்றிக் கழியும். வழுக்கி விழுதல், மருந்து மாறிப்போதல் போன்றவை நேரும் வாய்ப்பு அந்த நாட்களில்தான் அதிகம்.

நோயாளி தானாக எழுந்து உட்காருவாரா, கழிப்பறைக்குப் போவாரா, விழுங்குவாரா, மூக்குக் குழாயோ சிறுநீர்க் குழாயோ இருக்கிறதா, புண்ணுக்கு எத்தனை நாளுக்கொரு முறை கட்டு மாற்ற வேண்டும் என்பவற்றை மருத்துவரிடமும் வார்டு நர்ஸிடமும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ள மருந்துப் பட்டியலை வீட்டில் முன்பு சாப்பிட்டுவந்த மாத்திரைகளோடு ஒப்பிட்டு, எது தொடர்கிறது, எது நிறுத்தப்பட்டது என்று தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம். ஒரே மருந்து இரு நிறுவனப் பெயர்களில் இருப்பது தெரியாமல் இரண்டையும் கொடுத்துவிடும் தவறு இங்கேதான் நேர்கிறது.

நர்ஸா, உதவியாளரா?

வீட்டுக்கு வந்து நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் எவரையும் ‘ஹோம் நர்ஸ்’ என்று அழைப்பது தமிழ்நாட்டில் வழக்கமாகிவிட்டது. குழப்பங்கள் பலவற்றுக்கு இந்தப் பொதுப்பெயரே காரணம். பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டுப் படிப்பு, ஜி.என்.எம். 3 ஆண்டு, ஏ.என்.எம். 2 ஆண்டு. இப்படிப்புகளை முடித்தவர்கள் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு பெற வேண்டும். உதவியாளர் என்பவர் குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல், ஊட்டுதல், நடக்கத் துணை நிற்றல் ஆகியவற்றுக்குப் பழகியவர்.

ஊசி போடுதல், நரம்பு வழி மருந்து ஏற்றுதல், ஆழமான புண்ணுக்குக் கட்டு மாற்றுதல், சிறுநீர்க் குழாய் மாற்றுதல், தொண்டைத் துளைக் குழாயில் சளி உறிஞ்சுதல் ஆகியவை பயிற்சி பெற்ற நர்ஸின் வேலை. இவற்றை உதவியாளரிடம் ஒப்படைப்பது நோயாளிக்கு ஆபத்து. எனினும் எல்லா வீட்டுக்கும் 24 மணி நேர நர்ஸ் தேவைப்படுவதில்லை. பகலில் உதவியாளர், கட்டு மாற்ற மட்டும் நர்ஸ், வாரத்தில் சில நாள் பிசியோதெரபிஸ்ட் என்று பிரித்து அமைத்தால் செலவும் குறையும், வேலையும் செம்மையாக நடக்கும்.

ஆள் அனுப்பும் ஏஜென்சியிடம் கேட்க வேண்டியவை

அனுப்பப்படுபவரின் அடையாளச் சான்று, படிப்புச் சான்று, நர்ஸாக இருந்தால் பதிவு எண் ஆகியவற்றின் நகலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். முன்பு எந்த மாதிரி நோயாளிகளைப் பார்த்திருக்கிறார் என்பதை அவரிடமே நேரில் கேட்பது நல்லது. அவர் விடுப்பு எடுத்தால் மாற்று ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார், 12 மணி நேர வேலையா வீட்டோடு தங்கும் வேலையா, உணவு யார் பொறுப்பு, முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பவற்றை எழுத்தில் பெற வேண்டும். குளிப்பாட்டுதல் போன்ற அந்தரங்கப் பணிகளில் நோயாளியின் விருப்பத்தைக் கேட்டு, பெண்களுக்குப் பெண் உதவியாளரை அமர்த்துவது அவர்களுடைய கூச்சத்தைப் போக்கும். நகையும் பணமும் நோயாளியின் அறையில் இல்லாதிருந்தால் இரு தரப்புக்கும் சங்கடமில்லை.

மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவுகள் எத்தனை நாள் வரை ஏற்கப்படும், அதில் நர்ஸ் கட்டணம் சேருமா என்பதை முன்கூட்டியே விசாரித்து, எல்லா ரசீதுகளையும் சேர்த்து வைக்க வேண்டும்.

வீட்டைத் தயார் செய்தல்

காற்றும் வெளிச்சமும் உள்ள, கழிப்பறைக்கு அருகில் இருக்கும் அறை ஏற்றது. மாடி அறையைத் தவிர்க்க வேண்டும். இருபுறமும் நின்று வேலை செய்ய வசதியாகக் கட்டிலைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளிப் போடலாம். தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில், ஏர் பெட், வீல் சேர், ஆக்சிஜன் கருவி ஆகியவை பல ஊர்களில் வாடகைக்குக் கிடைப்பதால் அனைத்தையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. கழிப்பறையில் கைப்பிடியும் வழுக்காத விரிப்பும் தேவை. தரைமட்டக் கழிப்பறை மட்டும் உள்ள வீட்டில் கமோடு நாற்காலி உதவும்.

ஆக்சிஜன் பயன்படுத்தும் அறையில் விளக்கேற்றுவதும் ஊதுபத்தி கொளுத்துவதும் கூடாது. ஆக்சிஜன் கருவி மின்சாரத்தில் இயங்குவதால், மின்தடை நேரத்துக்கு ஒரு சிலிண்டர் தயாராக இருக்க வேண்டும்.

அன்றாடக் கவனிப்பு

பராமரிப்பின் தரம் பளிச்சென்று தெரியும் இடம் முதுகுத் தோல். அசைய முடியாதவரை 2 மணி நேரத்துக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால், எலும்பு அழுத்தும் இடத்தில் ரத்த ஓட்டம் தடைபட்டுப் படுக்கைப் புண் தோன்றும். அடிமுதுகு, இடுப்பின் பக்கங்கள், குதிகால் ஆகிய இடங்களைத் தினமும் பார்க்க வேண்டும். மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் சிவப்பு எளிதில் தெரியாது. அந்த இடம் கருத்தோ, சூடாகவோ, கெட்டியாகவோ இருந்தால் அதுவே முதல் அறிகுறி. அங்கே அழுத்தித் தேய்க்கக் கூடாது. ஏர் பெட் இருந்தாலும் புரட்டுவதை நிறுத்தலாகாது.

மூக்குக் குழாய் வழியே உணவு கொடுக்கும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும். கொடுத்த பிறகும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் அதே நிலை தொடர வேண்டும். படுத்த நிலையில் கொடுத்தால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரக்கூடும். மூக்கருகே குழாயில் உள்ள அடையாளக்கோடு நகர்ந்திருந்தால் நர்ஸ் பார்க்கும்வரை எதுவும் கொடுக்கக் கூடாது. மெல்ல மெல்லக் கரைந்து வேலை செய்யும் வகை மாத்திரைகளைப் பொடித்துக் கொடுக்கக் கூடாது.

சிறுநீர்ப் பை எப்போதும் நோயாளியின் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையைத் தொடாமல் தொங்க வேண்டும். பக்கவாதம் வந்தவரைத் தூக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டு நழுவக்கூடும். உடலைத் தாங்கித்தான் எழுப்ப வேண்டும். எதைத் தொடும் முன்பும் பின்பும் சோப்பால் கைகழுவுவது தொற்றைத் தடுக்கும் முதல் வழி. ஊசிகளைக் குப்பையில் வீசாமல், மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து மருத்துவமனையிலோ ஏஜென்சியிடமோ ஒப்படைக்க வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம்

மருந்து கொடுத்த நேரம், ரத்த அழுத்தம், சர்க்கரை, காய்ச்சல், குடித்த நீரின் அளவு, சிறுநீரின் அளவு, மலம் கழித்தது, புரட்டிய நேரம் ஆகியவற்றை ஒரே நோட்டில் எழுதி வர வேண்டும். ஆள் மாறும்போது வேலை தடையின்றித் தொடர இது உதவும். மறுபரிசோதனையின்போது மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கும் இதிலேயே விடை இருக்கும். குடும்பத்தில் ஒருவர் நாள்தோறும் இதைப் படித்துப் பார்ப்பது கட்டாயம். ஆள் அமர்த்திவிட்டோம் என்று பொறுப்பைக் கைகழுவிவிட முடியாது.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

- மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, உதடு நீலம் பூத்தல்
- முகம் ஒருபுறம் கோணுதல், பேச்சுக் குழறல், கை கால் திடீரெனத் தளர்தல்
- வழக்கத்துக்கு மாறான குழப்பம், எழுப்பினாலும் எழாத தூக்கம், வலிப்பு
- 100.4 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், தையலில் சீழ்
- ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும்: ரத்தக்கட்டாக இருக்கலாம்
- சிறுநீர் நின்றுபோதல், நிற்காத ரத்தக்கசிவு

108 எண்ணையும், சிகிச்சை தந்த மருத்துவமனையின் எண்ணையும் கட்டிலருகே பெரிய எழுத்தில் ஒட்டி வைக்க வேண்டும்.

அரசு வழங்கும் உதவி

தனியார் கட்டணம் எல்லாக் குடும்பங்களுக்கும் கட்டுப்படியாகாது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கீழ் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள், இயன்முறை சிகிச்சை, வலி தணிக்கும் ஆதரவுச் சிகிச்சை ஆகியவை வீட்டுக்கே வருகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதிந்துகொள்ளலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104, முதியோர் உதவிக்கு 14567 ஆகிய எண்கள் உள்ளன.

பராமரிப்பவரையும் பேணுதல்

வீட்டோடு தங்கும் உதவியாளரும் மனிதரே. இரவில் பலமுறை எழுபவருக்குப் பகலில் தூங்க நேரமும், வார விடுப்பும், மரியாதையான உணவும் இடமும் தர வேண்டும். தனித் தட்டு, தனித் தம்ளர் என்று ஒதுக்கி வைக்கும் பழக்கம் எந்த வீட்டிலும் இருக்கக் கூடாது. உறங்காத கண்களும் புண்பட்ட மனமும் கொண்டவரிடம் நல்ல கவனிப்பை எதிர்பார்க்க இயலாது. பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினரும் முறை வைத்து ஓய்வெடுக்க வேண்டும்.

உதவியைக் குறைத்தல்

பராமரிப்பின் நோக்கம், முடிந்தவரை நோயாளியைத் தன் வேலையைத் தானே செய்ய வைப்பது. பல் துலக்குதல், சட்டை போடுதல் என அவரால் இயன்றதை அவரையே செய்யவிட்டுத் துணைக்கு மட்டும் நிற்க வேண்டும். 2 வாரத்துக்கொரு முறை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட் இருவரின் கருத்தையும் கேட்டு, தேவைக்கேற்ப உதவி நேரத்தை மாற்றலாம். 24 மணி நேரத்திலிருந்து 12 மணி நேரமாகவும், பின் நர்ஸ் வந்து பார்த்துப் போகும் அளவுக்கும் படிப்படியாகக் குறைக்க வேண்டும். முற்றிலும் நிறுத்தும் முன், மருந்து கொடுக்கவும் உடற்பயிற்சி செய்ய வைக்கவும் கற்றுக்கொண்ட ஒருவர் வீட்டில் இருப்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.