குறிப்பறியும் கல்வி

திருக்குறளில் குறிப்பறிதல் என்னும் பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. ஒன்று பொருட்பாலில், மற்றொன்று காமத்துப்பாலில். தொல்காப்பியம் மெய்ப்பாட்டிற்கெனத் தனி இயலே வகுத்துள்ளது. நா பேசாதவிடத்தும் மனிதர் மொழிவதுண்டு என்பதைத் தமிழ் மரபு நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. ஆயினும், ஐந்து வயதாகியும் ஒரு சொல்லும் பேசாத குழந்தையைக் காணும்போது, அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை என எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம்.

அமெரிக்க மருத்துவர் லியோ கானர் 1943ஆம் ஆண்டு 11 குழந்தைகளைக் குறித்து எழுதிய கட்டுரையே ஆட்டிசம் பற்றிய ஆய்வுகளுக்குத் தொடக்கமாயிற்று. அக்குழந்தைகளுள் மூவர் பேசவில்லை. நம் அரசு ஆவணங்களில் இந்நிலை 'புறவுலகச் சிந்தனையற்ற நிலை' எனவும் குறிக்கப்படுவதுண்டு. அப்பெயர் பொருத்தமானதன்று, இக்குழந்தைகள் புறவுலகைப் பலவேளைகளில் நம்மினும் மிகுதியாக உணர்கின்றனர். நமக்குக் கேளாத மின்விசிறியின் மெல்லொலியும் அவர்களை வருத்தக்கூடும்.

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆரோவில்லை அடுத்து அமைந்துள்ளது பெரிய முதலியார்சாவடி. அச்சாலையில் மேலும் வடக்கே சென்றால் மரக்காணத்தின் உப்பளங்கள் விரியும். பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005ஆம் ஆண்டு முதல் செயல்பட்டு வரும் முட்டுக்காடும் இதே சாலையில்தான் உள்ளது. ஆனால் இடைத்தொலைவு நூறு கிலோமீட்டருக்கும் மேல். பாத்தியிலும் படகிலும் விடியுமுன் வேலை தொடங்கும் பெற்றோர், பேசாக் குழந்தையை வாரந்தோறும் அத்துணைத் தொலைவு அழைத்துச் செல்வது எளிதன்று. ஆகவே, எப்பயிற்சி சிறந்தது என்னும் வினாவோடு, எது வீட்டில் நிலைக்கும் என்னும் வினாவும் இணைந்தே எழுகிறது.

முதலில் செய்ய வேண்டியது செவித்திறன் ஆய்வு. காது கேளாமையால் பேச்சு வராத குழந்தையை ஆட்டிசம் உடையதெனக் கொள்வதும் உண்டு. இரண்டும் ஒருங்கே இருப்பதும் உண்டு. அடுத்து, குழந்தை இப்போது எவ்வாறு தெரிவிக்கிறது என்பதை நோக்க வேண்டும். தாயின் கையைப் பற்றித் தண்ணீர்க் குடத்தருகே இழுத்துச் செல்லும் குழந்தை ஏற்கெனவே பேசிக்கொண்டுதான் இருக்கிறது. பயிற்சி அங்கிருந்து தொடங்க வேண்டும்.

ஐவர் லோவாஸ் 1987இல் வெளியிட்ட ஆய்வு, வாரத்திற்கு ஏறத்தாழ 40 மணிநேர நடத்தைப் பயிற்சியை 19 குழந்தைகளுக்கு அளித்ததை விவரித்தது. அவரது தொடக்கக்கால முறையில் தண்டனையும் இடம்பெற்றிருந்தது. அம்முறை பின்னர்ப் பெரிதும் மாறியது எனினும், அதனைச் சிறுவயதில் பெற்று வளர்ந்தோர் பலர் அது தம்மை அடக்கப் பயன்பட்டதாக எழுதியுள்ளனர். அவர்தம் சான்று புறந்தள்ளத்தக்கதன்று.

படப்பரிமாற்ற முறையை 1985இல் ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் ஆகியோர் உருவாக்கினர். வாழைப்பழம் வேண்டும் குழந்தை, வாழைப்பழப் படத்தை எடுத்து எதிரில் இருப்பவர் கையில் தர வேண்டும். சுட்டிக்காட்டாமல் கையில் தருவது ஏன்? சுட்டுவதற்கு எவரும் அருகில் இருக்க வேண்டியதில்லை. தருவதற்கு ஒருவர் வேண்டும். உரையாடலின் வித்து அதில் உள்ளது. தொடக்கத்தில் மற்றொருவர் குழந்தையின் பின்னிருந்து கையை வழிநடத்துவார். அவர் ஒரு சொல்லும் பேசமாட்டார், தம் உதவியையும் விரைவிலேயே விலக்கிக்கொள்வார். குழந்தையின் கையை இறுதிவரை பற்றிக்கொண்டு எழுத்துகளைத் தொடச்செய்யும் முறையும் ஒன்றுண்டு. 1990களில் நிகழ்ந்த சோதனைகள், அவ்வாறு பிறந்த சொற்கள் பிடித்திருப்பவருடையவையே எனக் காட்டின. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுதல் பெரும்பிழை.

சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய 'ஆவாஸ்', படங்களைத் தொட்டால் ஒலியாக மாற்றித் தரும் கருவி. வித்யாசாகர் அமைப்பின் துணையோடு வளர்ந்த இது, இப்போது கைக்கணினிச் செயலியாகத் தமிழிலும் கிடைக்கிறது.

படமும் கருவியும் தந்தால் குழந்தை பேசவே முயலாதே என்னும் அச்சம் பெற்றோரிடம் ஆழமாக உள்ளது. மில்லர் முதலானோர் 2006இல் இதனை ஆராய்ந்தனர். நம்பத்தக்க சான்றுடைய 27 பேரில் எவருக்கும் பேச்சு குறையவில்லை, பெரும்பாலோர்க்குக் கூடியது. கோனி கசாரி குழுவினர் 2014இல், ஐந்து முதல் எட்டு வயதுக்குட்பட்ட, மிகச் சில சொற்களே பேசிய 61 குழந்தைகளிடம் செய்த ஆய்வில், பேசும் கருவியைத் தொடக்கத்திலேயே பெற்றோர் பிறரினும் மிகுதியாகத் தாமே முன்வந்து பேசினர். சொல்லின் பயனை அறிந்த குழந்தை அடுத்த சொல்லையும் தேடுகிறது போலும்.

மரக்காணக் கரைக்கு மிகவும் பொருந்துவதாக நான் கருதுவது, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் நிகழ்ந்து, 2016இல் வெளியான ஆய்வின் முறை. அங்குப் பயிற்சி அளித்தவர்கள் வல்லுநர் அல்லர், பயிற்றுவிக்கப்பட்ட நலப்பணியாளர்கள். தாயும் குழந்தையும் விளையாடுவதைப் படம்பிடித்து, குழந்தை எதை நோக்கிற்று, தாய் எப்போது காத்திருந்தார் என்பவற்றைத் தாயுடன் அமர்ந்து பார்த்தனர். குழந்தையின் குறிப்புக்கேற்பப் பெற்றோர் மறுமொழி தருவது கூடியது. குழந்தைகளும் தாமே தொடர்புகொள்ள முன்வந்தனர்.

முற்றிலும் குணமாக்குவதாக விளம்பரப்படுத்தப்படும் மருத்துவங்களைப் பற்றி ஒரு சொல் போதும். ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல் சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதன்று எனத் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் தெரிவித்தது.

எம்முறையைத் தேர்ந்தாலும் சில மாதங்களில் மாற்றம் தெரிகிறதா எனக் குறித்துவைத்துப் பார்க்க வேண்டும். குழந்தை அழுதே கழிக்கும் பயிற்சியைத் தொடரலாகாது. படங்களும் குழந்தை வாழும் ஊருக்கு உரியனவாக இருத்தல் நன்று: கஞ்சி, மீன், வலை, பேருந்து, கடல். உப்புக்காற்றில் தாள் விரைவில் நைந்துவிடுமாதலால் அவற்றை நெகிழி உறையிட்டு வைக்கலாம். கடைகளில் கிடைக்கும் தொகுப்புகள் பலவற்றில் உணவும் விளையாட்டுப் பொருளும் நிறைந்திருக்கும். 'வேண்டாம்', 'வலிக்கிறது', 'நிறுத்து' ஆகிய மூன்றும் இரா. தன் கையைக் கடித்துக்கொள்ளும் குழந்தைக்கு முதலில் செய்து தர வேண்டியவை அம்மூன்று அட்டைகளே.