மூன்று முறை கூப்பிட்டார்கள்!

முன்சீப் கோர்ட்டு வாசலிலே டவாலி நின்று கூவுகிறார். ஒரு முறை, இரு முறை, மூன்றாம் முறை. வாதி வரவில்லை. எதிர்வாதியின் வக்கீல் மட்டும் எழுந்து நிற்கிறார். "வாதி ஆஜராகவில்லை, வழக்கு தள்ளுபடி." பல ஆண்டு வழக்கு அந்த ஒரே வரியிலே முடிந்துவிடுகிறது!

யார் அந்த வாதி? வக்கீல் வைக்க வசதியின்றி, தன் வழக்கைத் தானே நடத்த வந்தவர். காய்ச்சலில் கிடந்திருக்கலாம், பஸ்ஸைத் தவறவிட்டிருக்கலாம், வாய்தா தேதியைத் தவறாகக் குறித்துக்கொண்டிருக்கலாம். வரவில்லை என்பது ஏட்டில் ஏறும். ஏன் வரவில்லை என்பது ஏறாது.

நீதிபதியை நாம் குறை கூறவில்லை. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம், 9ஆம் கட்டளை, 8ஆம் விதி அப்படித்தான் சொல்கிறது. எதிர்வாதி வந்து, வாதி வராவிட்டால், எதிர்வாதி ஒப்புக்கொண்ட பகுதி நீங்கலாக வழக்கைத் தள்ளிவிட வேண்டும். இதிலும் நியாயம் உண்டு. வழக்கைப் போட்டுவிட்டு வாதி வீட்டிலே தூங்க, எதிர்வாதி மட்டும் ஆண்டுக்கணக்கில் கோர்ட்டுப் படி ஏறி இறங்குவதா?

ஆனால் அடுத்த விதியைப் பாருங்கள். அதே காரணத்துக்காக மறுபடி வழக்குப் போட முடியாது! தக்க காரணம் காட்டினால் தள்ளுபடியை ரத்து செய்தாக வேண்டும் என்றும் அதே விதி கூறுகிறது. அதற்கு மனுப் போட வேண்டும். 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, தள்ளுபடியான நாளிலிருந்து 30 நாள்தான் கெடு. கெடு கடந்தால், தாமதத்தை மன்னிக்கக் கோரி இன்னொரு மனு. கதவு இருக்கிறது, கதவு இருப்பதைச் சொல்லத்தான் ஆளில்லை. தள்ளுபடியான செய்தியே 30 நாள் கழித்துக் காதுக்கு எட்டினால்?

வக்கீல் வைத்தவர் நிலை வேறு. வக்கீல் வராத தவறுக்காகக் கட்சிக்காரர் துன்பப்படக் கூடாது என்று 1981இல் ரபீக் - முன்ஷிலால் வழக்கிலே உச்சநீதிமன்றம் கூறியது. நல்ல தீர்ப்பு, வரவேற்கிறோம். ஆனால், தானே தனக்கு வக்கீலாக நிற்கும் ஏழை யாரைக் காட்டித் தப்புவார்?

நடைமுறைச் சட்டம் நீதிக்குத் துணை நிற்க வந்தது, மக்களை இடறிவிட வந்ததல்ல என்று 1955இலேயே சங்கராம் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் உணர்த்திவிட்டது. இலவசச் சட்ட உதவி பற்றிய 39-ஏ பிரிவு 1976இல் அரசியல் சட்டத்தில் ஏறியது. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோருக்கும், பழங்குடியினருக்கும், ஆலைத் தொழிலாளருக்கும் வருமானம் பாராமல் வக்கீல் தர 1987ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. ஏட்டிலே எல்லாம் இருக்கிறது. வாசலில் நிற்பவருக்கு எடுத்துச் சொல்வது யார்?

சலுகை கேட்கவில்லை நாம். வக்கீல் இல்லாத வாதி முதல்முறை வரத் தவறினால், தள்ளுபடிக்கு முன் அவர் வீட்டுக்குத் தமிழிலே ஒரு கடிதம் போகட்டும். தள்ளுபடியானால் 30 நாள் கெடுவையும், சட்ட உதவி கிடைக்கும் இடத்தையும் சொல்லி இன்னொரு கடிதம் போகட்டும். ஆகும் செலவு, தபால் செலவுதான்!

தன் வழக்கைத் தானே உரைத்தவள் கண்ணகி என்று பெருமை பேசுகிறோம். வாயிலில் நின்றவளை உள்ளே அழைத்துக் கேட்டான் பாண்டியன். கோர்ட்டு வாசலில் மூன்று முறை ஒலிக்கும் குரல், ஏழையின் வீட்டு வாசலிலே ஒரு முறையேனும் ஒலிக்கட்டும்!