திடீரென்று மாறிப்போகும் பிள்ளை

காய்ச்சலோடு வலிப்பு வந்தால் பெற்றோர் பதறியடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடுகிறார்கள். கவலையெல்லாம், காய்ச்சல் பெரிதாக இல்லாமலே வரும் மூளை அழற்சியைப் பற்றித்தான். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை இரவெல்லாம் தூங்காது, காரணமின்றி அலறும், பேச்சு குறைந்துகொண்டே போகும், எதையோ மெல்வதுபோல் வாய் ஓயாமல் அசையும். உடனே வேப்பிலையும் விபூதியும் தேடி ஓடுகிறோம். பொன்னான நாட்கள் அங்கேயே போய்விடுகின்றன.

இப்படி வரும் ஒரு நோயை நரம்பியல் மருத்துவர் ஜோசெப் டால்மாவ் குழுவினர் 2007இல் விளக்கினார்கள். கிருமியை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பொருள்கள், மூளைச் செல்களின் மேலுள்ள என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைப் பற்றி உள்ளே இழுத்துவிடுகின்றன. ஏற்பிகள் குறைகின்றனவே தவிர, பெரும்பாலும் செல்கள் சாவதில்லை. அதனால்தான் ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் போன்ற சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கினால், மாதக்கணக்கில் ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள். சில பெண்களுக்குச் சினைப்பைக் கட்டி இதைத் தூண்டும். அதையும் தேடிப் பார்த்து அகற்ற வேண்டும்.

கிருமிகளால் வரும் மூளை அழற்சிக்கு ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பழைய உதாரணம். இந்தியாவில் இது முதலில் அறியப்பட்டது 1955இல், நம் வேலூரில். வயல் நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு, பன்றியிடமிருந்தும் கொக்கு போன்ற நீர்ப்பறவைகளிடமிருந்தும் வைரஸை மனிதருக்குக் கொண்டுவருகிறது. இதைக் குணப்படுத்த மருந்தில்லை. வராமல் தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது. மூளையைத் தாக்கும் ஹெர்பிஸ் வைரஸுக்கு அசைக்ளோவிர் என்ற மருந்து உண்டு. சந்தேகம் வந்ததுமே, பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் ஏற்றுவார்கள். உண்ணிக்காய்ச்சலும் மூளையைத் தாக்கும். அக்குளிலோ தொடையிடுக்கிலோ சிகரெட்டால் சுட்டதுபோல் கருத்த பொருக்கு இருக்கிறதா என்று உடம்பு முழுக்கப் பாருங்கள். எல்லோருக்கும் அது இருப்பதில்லை. இருந்தால் நோயைக் காட்டிக்கொடுத்துவிடும். டாக்ஸிசைக்ளின் போன்ற விலை குறைந்த மருந்தே கேட்கும்.

கிருமியால் வருவது, எதிர்ப்பொருளால் வருவது என இரண்டு வகையும் ஒரே பிள்ளைக்கு அடுத்தடுத்து வருவதுண்டு. ஹெர்பிஸ் தாக்கித் தேறிவந்த குழந்தை சில வாரங்களில் மறுபடி கைகாலை முறுக்கிக்கொண்டு துடித்தால், வைரஸ் திரும்பிவிட்டது என்று மட்டும் நினைக்கக் கூடாது. அந்தத் தொற்றே எதிர்ப்பொருள்களைக் கிளப்பிவிட்டிருக்கலாம்.

இவற்றைப் பிரித்தறிய எம்.ஆர்.ஐ., இ.இ.ஜி. இரண்டும் உதவும், ஆனால் முதுகில் ஊசி போட்டு எடுக்கும் நீர்தான் முக்கியம். கால் விளங்காமல் போய்விடும் என்று பயந்து பல வீடுகளில் மறுக்கிறார்கள். தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் ஊசி இறங்குகிறது. மருத்துவர் அதைக் கேட்டால் தயங்காமல் சம்மதியுங்கள். பிள்ளையின் நடத்தை சில நாட்களுக்குள் தலைகீழாக மாறினால், மூளை அழற்சியாக இருக்குமா என்று நீங்களே கேளுங்கள்.