கரைக்கு வந்ததும் ஒளிந்துகொள்ளும் கோளாறு

அவுட்போர்டு மோட்டார் அடியோடு நின்றுபோனால் மெக்கானிக்குக்கு அது எளிய வேலை. பழுது இருக்கிற இடத்திலேயே இருக்கும், தேடினால் அகப்படும். சற்று நேரம் நன்றாக ஓடி, திடீரென்று இழுவை குறைந்து, பிறகு தானாகவே மீண்டுவிடுகிற மோட்டார்தான் ஆளைச் சோதிக்கிறது. கரையில் வைத்துக் கயிற்றை இழுத்தால் முதல் இழுப்பிலேயே பற்றிக்கொள்ளும். பிளக்கை மாற்று, கார்புரேட்டரைக் கழற்று, காயில் வாங்கு என்று அப்புறம் செலவு தொடங்கும். இந்த வரிசை தலைகீழானது. விட்டுவிட்டு வரும் கோளாறில் முதல் சந்தேகம் டேங்கிலிருந்து இன்ஜின் வரை எரிபொருள் வரும் வழியின் மேல்தான் விழ வேண்டும். அங்கே குற்றம் இல்லை என்று உறுதியான பிறகே இன்ஜின் மூடியைத் திறக்கலாம்.

காரணம் எளியது. நம் கடற்கரையில் ஃபைபர் படகுகளில் அதிகம் காணப்படும் 9.9 குதிரைத்திறன் மோட்டார்களில் டேங்க் தனியாகப் படகுக்குள் இருக்கும். நடுவில் ஓஸ், கையால் அமுக்கும் ரப்பர் பல்பு, இரு முனையிலும் கனெக்டர். மெதுவாக ஓடும்போது இன்ஜினுக்குச் சொற்ப எரிபொருள் போதும். முழு வேகத்தில் அதைப்போல் பல மடங்கு வேண்டும். டேங்க் மூடியின் காற்றுத் திருகு மூடியிருந்தால், எரிபொருள் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்ப் இழுக்கத் திணறும். பல்பு சப்பையாகிக் கிடக்கும். ஓஸின் உட்தோல் உரிந்து மடங்கினாலும், டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சுகுழாய் அடைத்தாலும் இதே கதைதான். பல்பு சப்பையாகாமல் தொளதொளவென்று இருந்து, அமுக்கியதும் இழுவை திரும்பினால், எங்கோ ஏர் பிடிக்கிறது, அல்லது பம்பின் டயாஃப்ரம் தளர்ந்திருக்கிறது. கனெக்டரின் சிறு ரப்பர் வளையம் தேய்ந்தாலே இதற்குப் போதும். ‘எங்கேயும் ஒழுகவில்லையே’ என்பார்கள். டேங்குக்கும் பல்புக்கும் இடையில் இன்ஜின் ஓடும்போது உறிஞ்சுதல்தான் நடக்கிறது. அங்குள்ள ஓட்டை காற்றை உள்ளே விடுமே தவிர, எரிபொருளை வெளியே விடாது. ஈரத்தைத் தேடிப் பயனில்லை. இன்று பங்க்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் வேறொரு தொல்லை. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். உறிஞ்சுகுழாயின் வாயும் அங்கேதான் இருக்கிறது. படகு ஆடும்போது ஒரு வாய் தண்ணீர் உள்ளே போய், அலை அடங்கியதும் சரியாகிவிடும்.

‘கார்புரேட்டரைக் கழுவினோம், சரியாகிவிட்டதே’ என்ற வாதத்துக்கு வலு உண்டு. ஜெட்டில் தூசி அடைப்பது அன்றாடம் நடப்பதுதான். ஆனால் கழுவுவதற்காக ஓஸைக் கழற்றி மாட்டியபோது கனெக்டர் சரியாக உட்கார்ந்திருக்கலாம். டேங்க் மூடியைத் திறந்தபோது வெற்றிடம் நீங்கியிருக்கலாம். சரியாக்கியது ஒன்று, பெயர் வாங்கியது வேறொன்று. மறுபடி கடலுக்குப் போய் அதே இடத்தில் இழுவை விழும்போது, மெக்கானிக்கின் மேல் பழி வரும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தால் இந்தக் குழப்பம் வராது. நடுக்கடலில் சோதனை செய்ய நேரமேது என்று கேட்கலாம். மூடித் திருகைத் தளர்த்தவும், பல்பை அமுக்கவும், சோக்கைக் கொஞ்சம் இழுத்து இன்ஜின் தேறுகிறதா என்று பார்க்கவும் அரை நிமிடம் ஆகாது. சோக்கில் தேறினால் எரிபொருள் போதவில்லை என்று பொருள். வேறொரு நல்ல டேங்கையும் ஓஸையும் மாட்டி ஓட்டிப் பார்ப்பது இவை எல்லாவற்றையும்விடத் தெளிவான தீர்ப்பு.

மின்சாரப் பக்கத்தைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. காயிலில் இழை விட்டிருந்தால் சூட்டில் விரிந்து தொடர்பு அறும், ஆறியதும் ஒட்டும். விட்டுவிட்டு வருவதற்கு அதுவும் தக்க காரணமே. ஆனால் அதன் நடத்தை வேறு. தீப்பொறி போனால் இழுவை சுவிட்சை அணைத்ததுபோல ஒரே வெட்டாக விழும்; எரிபொருள் குறைந்தால் ஏறி இறங்கித் திணறி விழும். பிளக்கை வெளியே எடுத்துப் பொறி பார்த்துவிட்டோம் என்பதும் முழுச் சான்றாகாது. சிலிண்டருக்குள் அழுத்தத்தில் பொறி தாண்ட அதிக மின்னழுத்தம் வேண்டும். வெளியே தாண்டும் பலவீனமான பொறி உள்ளே தோற்றுவிடலாம். எரிபொருளை முதலில் பார்க்கச் சொல்வதற்குச் செலவைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றும் இரண்டு ஸ்ட்ரோக் மோட்டாரில் எரிபொருள் குறைந்தால் ஆயிலும் குறைகிறது. புது காயிலை மாட்டி அப்படியே முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

புதிய நான்கு ஸ்ட்ரோக் மோட்டார்களில் கணினியே குறையைச் சொல்லிவிடுமே என்பது கடைசி மறுப்பு. சென்சார் கண்டதைத்தான் அது சொல்லும். மூடித் திருகு அடைத்திருப்பது அதற்குத் தெரியாது. ஆனாலும் ஒரு விஷயத்தில் அந்தக் கணினியை மதிக்கத்தான் வேண்டும். இன்ஜின் சூடேறினால், பஸ்ஸரை ஒலிக்கவிட்டு, வேகத்தைத் தானே குறைத்துவிடுகிறது. அதை இழுவைக் கோளாறு என்று எண்ணி ஆக்சிலரேட்டரை முறுக்குபவர்கள் உண்டு. பக்கவாட்டில் பீய்ச்சும் தண்ணீர் மெலிந்தாலோ நின்றாலோ, மோட்டார் பழையதோ புதியதோ, பல்பையும் டேங்கையும் விட்டுவிட்டு உடனே இன்ஜினை அணைக்க வேண்டும். தண்ணீர் உறிஞ்சும் துளையில் பாலிதீன் சிக்கியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு கரையில் வாட்டர் பம்பின் இம்பெல்லரைக் கழற்றலாம்.