அருங்காட்சியகத்தின் முதற் காட்சிப்பொருள்

கடலூர் மாவட்டத்துக் காடாம்புலியூரிலிருந்தோ நெய்வேலியிலிருந்தோ பள்ளிப் பிள்ளைகளைச் சென்னைக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குள் நுழையும்போது, பிள்ளைகளின் கண்கள் திருவாலங்காட்டு நடராஜரின் செப்புத் திருமேனியிலும், அமராவதிச் சிற்பங்களிலும், திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டிலும் லயித்து நிற்பது இயல்பே. ஆனால் அந்தச் செல்வங்களை மழையிலிருந்தும் வெயிலிலிருந்தும் காத்து நிற்கிற சுவர்களையும் வளைவுகளையும் அண்ணாந்து நோக்கி, இவையும் காண்பதற்குரியவையே என்று எண்ணுவோர் மிகச் சிலர். புராதனமான அருங்காட்சியகங்களில் கட்டிடமே முதற் காட்சிப்பொருள். அதைப் புதுப்பிக்கிற பொறியாளர், உள்ளே இருக்கும் சிலையைத் தொடுகிற அதே பயபக்தியுடன் சுவரையும் தொடவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1851-ஆம் ஆண்டு எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவரின் பொறுப்பில் தொடங்கிய சென்னை அருங்காட்சியகம், 1854-இல் எழும்பூரில் பாந்தியன் என வழங்கிய தோட்ட மாளிகைக்கு இடம் பெயர்ந்தது. அதே வளாகத்தில் ஹென்றி இர்வின் என்ற கட்டிடக் கலைஞர் வரைந்த திட்டப்படி, நம்பெருமாள் செட்டியார் என்ற புகழ்பெற்ற ஒப்பந்தக்காரர் கட்டிய விக்டோரியா நினைவு மண்டபத்துக்கு, பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான வேல்ஸ் இளவரசர் 1906-இல் அடிக்கல் நாட்டினார். 1909-இல் அது திறக்கப்பட்டது. பதேபூர் சிக்ரியின் மொகலாயக் கம்பீரத்தை நினைவூட்டும் செந்நிற முகப்புடைய இம்மண்டபம் 1951-இல் தேசியக் கலைக்கூடமாகி, ரவிவர்மாவின் ஓவியங்களுக்கு உறைவிடமாயிற்று. எனினும் நூறாண்டு நிறைவதற்கு முன்னமே அதன் கட்டுமானம் தளர்ந்து, மக்கள் உள்ளே செல்வதற்கு அபாயமானது என்று கருதப்பட்டு, நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது. பூட்டிய கதவைத் திறப்பதற்கு வேண்டிய புனரமைப்பு எத்துணை நுட்பமானது என்பதை அறிய, முதலில் பழைய சென்னைக் கட்டிடங்கள் எவ்வாறு கட்டப்பட்டன என்பதை அறியவேண்டும்.

அக்காலத்துச் சுவர்கள் செங்கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் எழுந்தவை. கூரையோ, தேக்கு உத்தரங்களின் மேல் சட்டங்களைப் பரப்பி, அவற்றின்மீது ஓர் அங்குலக் கனமுள்ள சிறு செங்கற்களைக் குத்துக்கல்லாகக் கோணவாட்டில் அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டைகளால் நாட்கணக்கில் அடித்துக் கெட்டிப்படுத்தி, மேலே தட்டோடு பதித்து முடிக்கப்பட்டது. மெட்ராஸ் தளம் என்று உலகம் அறிந்த முறை இதுவே. சுண்ணாம்புக்கு ஒரு சிறந்த குணம் உண்டு: சுவரில் ஏறும் ஈரத்தை அது அடைத்து வைப்பதில்லை, காற்றில் உலர்ந்து வெளியேற வழிவிடுகிறது.

இந்தக் குணத்தை மறந்து, பழுது பார்ப்பதாக எண்ணிச் சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டைப் பூசும்போதுதான் கேடு தொடங்குகிறது. வெளியேற வழியற்ற ஓதம் சுவருக்குள்ளேயே தங்கி, உப்பைக் கரைத்துக் கொணர்ந்து, பூச்சைப் பொரியச் செய்து, செங்கல்லையே மாவாக்குகிறது. சுவருக்குள் புதைந்த உத்தர முனைகள் உளுத்துப்போகின்றன. இரும்பு துருப்பிடித்துப் பருத்துச் சுவரைப் பிளக்கிறது. எழும்பூரிலேயே இதற்கு ஒரு வேதனையான சாட்சியம் உண்டு. அமராவதியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்களை முற்காலத்தில் சிமெண்டு வைத்துச் சுவரோடு சுவராகப் பதித்துவிட்டமையால், சுவரின் ஈரமும் உப்பும் அவற்றுள் ஏறி, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் பழமையான அக்கலைச் செல்வங்கள் பொடிந்து உதிரத் தொடங்கின. கட்டிடத்தின் நோய் காட்சிப்பொருளையும் பற்றும் என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சான்று வேண்டுவதில்லை.

ஆகவே ஜீர்ணோத்தாரணம் செய்வோர் கரண்டியை எடுப்பதற்கு முன் கட்டிடத்தை ஆராயவேண்டும். ஒவ்வொரு விரிசலின் மீதும் கண்ணாடித் துண்டு ஒட்டி, அது உடைகிறதா என்று மாதக்கணக்கில் கவனித்தால், விரிசல் பழைய தழும்பா, இன்னும் வளர்கிற நோயா என்பது புலப்படும். பழைய காரையைப் பரிசோதனைச் சாலையில் ஆராய்ந்து, மணலும் சுண்ணாம்பும் எந்த விகிதத்தில் சேர்ந்தன என்று கண்டு, அதே கலவையைத் தயாரிக்கவேண்டும். சுவரைத் தொடுமுன் மொட்டைமாடி நீர்த்தாரைகளையும் அஸ்திவாரத்தைச் சுற்றிய வடிகால்களையும் சீர்செய்து, இடுக்குகளில் வேரோடிய அரசங்கன்றுகளை அகற்றவேண்டும். நீர் வரும் வழியை அடைக்காமல் செய்யும் எந்தப் பூச்சும் வீண். மாற்றியே ஆகவேண்டிய பகுதியை மட்டும் மாற்றி, புதிதாகச் சேர்ப்பதைப் பின்னால் வருவோர் பிரித்தறியும்படி செய்யவேண்டும் என்று 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் விதித்திருக்கிறது.

இதனினும் கடினமானது, பழைய மாளிகைக்குள் புதிய வசதிகளைப் புகுத்துவது. நீர்வண்ண ஓவியங்களுக்கு 50 லக்ஸ், தைல ஓவியங்களுக்கு 200 லக்ஸ் அளவுக்கு மேல் வெளிச்சம் படலாகாது என்பது அருங்காட்சியக மரபு. ஈரப்பதம் ஏறி இறங்காமல் நிற்கவேண்டும். கற்சிலைகளின் பாரத்தைத் தளம் தாங்கவேண்டும். முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் ஏறச் சாய்தளம் வேண்டும். இவையெல்லாம் வளைவுகளைத் துளைக்காமலும், சிற்ப வேலைப்பாட்டை மறைக்காமலும் அமையவேண்டும். மின்சார வேலையில் அசிரத்தை காட்டினால் விளைவது என்ன என்பதை 2018 செப்டம்பரில் பிரேசில் நாட்டின் தேசிய அருங்காட்சியகம் உலகுக்கு உணர்த்தியது. குளிர்சாதனக் கருவி ஒன்றில் பிறந்த தீ, பழைய அரண்மனையையும் அதனுள் இருந்த பெரும்பாலான சேகரங்களையும் ஒரே இரவில் விழுங்கிற்று. நம் சேப்பாக்கத்திலும் 2012 ஜனவரியில் கலச மகால் என்ற பழைய மாளிகை எரிந்து, ஒரு தீயணைப்பு வீரரின் உயிரையும் கொண்டுபோயிற்று. ஆயினும் அந்த மகாலை இடித்துத் தள்ளாமல், பொதுப்பணித் துறையினர் சுண்ணாம்புக் காரை கொண்டே மீட்டெழுப்பினர்; இன்று அங்கே பசுமைத் தீர்ப்பாயம் நடைபெறுகிறது.

பம்பாயில் 1872-இல் திறந்த பாவு தாஜி லாட் அருங்காட்சியகமும் இவ்வாறே நலிந்து, பல ஆண்டுகள் பொறுமையான பணியால் புத்துயிர் பெற்று, 2005-இல் யுனெஸ்கோவின் உயரிய விருதை அடைந்து, 2008-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. நம்மால் இயலாத வித்தை இதில் ஏதுமில்லை. சுண்ணாம்பு அறிந்த கொத்தனாரும், அவர் சொல்லுக்குச் செவிசாய்க்கும் பொறியாளரும், அவசரப்படாத அரசாங்கமும் ஒன்றுகூடினால் போதும்.

காடாம்புலியூர் வாசிகளுக்கு இது தொலைதூரத்துச் செய்தியன்று. பண்ணுருட்டிக்கு அருகே திருவதிகையில் பல்லவர் காலம் முதல் புதுப்பிக்கப்பட்டு வரும் வீரட்டானக் கோயில் இருக்கிறது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் கும்பினியார் காலத்துச் சுண்ணாம்புக் கட்டிடங்கள் நிற்கின்றன. இத்தகைய கட்டிடம் எதிலேனும் சிமெண்டு மூட்டை இறங்குவதைக் கண்டால், ஊரார் ஒரு கணம் நின்று, தொல்லியல் அறிந்தோரைக் கலந்தீர்களா, பழைய காரையைப் பரிசோதித்தீர்களா என்று கேட்கவேண்டும். அவ்வாறு கேட்பது ஊராரின் உரிமை மாத்திரமன்று, கடமையும் ஆகும்.